கையெழுத்து வைத்தார்கள் என்பது பதில் ஆகாது

பல்கலைக்கழக ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கள் கிராமத்துக்கு வந்து, உதவிப் பட்டியல் ஒன்றில் பெயர்களை வெட்டச் சொல்லி, சனம் எதுவரை கீழ்ப்படிகிறது என்று பார்த்தார்கள். அது பற்றிய எங்கள் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய ஒரு பக்கப் பதில் கிடைத்தது. மூன்று காரணங்களைச் சொல்லி, ஒழுக்கநெறி மீறல் எதுவும் நடக்கவில்லை என்று முடித்திருக்கிறீர்கள். பங்கேற்ற எல்லோரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பது முதலாவது. பட்டியலில் இருந்தவை கற்பனைப் பெயர்கள் என்பது இரண்டாவது. முடிவில் கொடுத்த கருத்துப் படிவத்தில் பெரும்பாலானோர் 'திருப்தி' என்ற கட்டத்தில் அடையாளமிட்டிருக்கிறார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இந்த முறை திறந்த மடலாக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் வந்த ஆய்வாளர்களின் பெயரையும் நான் போடவில்லை. யாரையும் அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. வன்னிக்குக் கோப்போடு வருகிற எந்த ஆய்வுக் குழுவுக்கும் இதில் உள்ள பெரும்பகுதி பொருந்தும்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். மீள்குடியேறிய கிராமங்கள்தான் என் வேலைத்தளம். ஆய்வு நடந்த அன்று பொதுநோக்கு மண்டபத்தின் விறாந்தையில் இருந்தேன். பிறகு வந்த வாரங்களில், அந்த மண்டபத்துக்குள் போய் வந்தவர்களில் பலர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உங்களுக்கு முதல் முறைப்பாட்டை எழுதியது.

அறிவித்தல் கிராம சேவகர் ஊடாக வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்கள், குடும்பங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆய்வு செய்யப் போகிறார்கள், வீட்டுக்கு ஒருவர் காலை ஒன்பது மணிக்கு மண்டபத்துக்கு வர வேண்டும். போர்க்காலத்தில் வன்னியில் இருந்த எவரிடமும் 'வீட்டுக்கு ஒருவர்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அப்படிச் சொல்லித்தான் அப்போது இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், ஆட்களைச் சேர்த்தது. ஆனாலும் சனம் வந்தது. ஒன்பதுக்கு முன்னமே வந்து நின்றது. விதானையார், அதாவது கிராம சேவகர், சொல்லி அனுப்பினால் போகத்தான் வேண்டும். வீட்டுத்திட்டம், அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு, காணிப் பத்திரம், பிள்ளையின் வதிவிடச் சான்று என்று எதுவென்றாலும் நாளைக்கு அவர் மேசைக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

மண்டபத்தின் முன்மேசையில் கிராம சேவகரே இருந்து பெயர்களை வாசித்தார். சுவரோரம் உலர் உணவுப் பொதிகள் அடுக்கியிருந்தன. ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே இருந்த சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு ஆய்வாளர். முதலில் ஒப்புதல் படிவம். பிறகு ஒரு பட்டியல். வாழ்வாதார உதவிக்குத் தெரிவான குடும்பங்கள் என்று தலைப்பு. கணவனை இழந்தவர், காலை இழந்தவர், சிறு பிள்ளைகளோடு தனியே இருப்பவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு. உதவி எல்லோருக்கும் போதாது, தகுதி குறைந்த ஒரு குடும்பத்தை வெட்டுங்கள் என்று சொன்னார்கள். வெட்டியதும், இன்னொன்று. அதற்குப் பிறகு இன்னொன்று. யாராவது தயங்கினால், "தயவுசெய்து தொடருங்கள்" என்றார்கள். ஏலாது என்று சொன்னால், "நீங்கள் தொடர்வது ஆய்வுக்கு அவசியம்" என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு, இவை உண்மைப் பெயர்கள் இல்லை, யாருடைய உதவியும் வெட்டப்படவில்லை, அதிகாரத்தில் உள்ளவர் சொல்வதை மக்கள் எதுவரை கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் இதைச் செய்தோம் என்று சொல்லி, கருத்துப் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். உணவுப் பொதி கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த அறைக்குள் போனவர்களில் ஒரு அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அவர் நான்கு பெயர்களை வெட்டினார். நான்காவது பெயர் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர். உங்கள் ஆய்வாளர்கள் கற்பனை என்று நினைத்துப் போட்ட பெயர் எங்கள் ஊரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. குறிப்பும் பொருந்தியது: கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டுக்கு வந்த அன்றே அந்த அம்மா தனக்குக் கிடைத்த உணவுப் பொதியைப் பிரிக்காமல் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ளப் போவதை நிறுத்தினார். அது கற்பனைப் பெயர் என்று அவர்களே சொன்னார்கள்தானே அம்மா என்று நான் கேட்டேன். "அவை அப்பிடித்தான் சொல்லுவினம் பிள்ளை. பிறகுதான் தெரியவரும்" என்றார்.

2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்திடம் வந்தவர்களில் அவரும் ஒருவர். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொன்னதை நம்பி அவர் தன் மகனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். மகன் இன்றுவரை வரவில்லை. இத்தனை வருடங்களாக அவர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வசனம், "கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தது நான்தானே" என்பது. இந்த ஆய்வுக்குப் பிறகு அதோடு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. "இப்பவும் சொன்ன உடன செய்துபோட்டன்" என்கிறார். இரவில் நித்திரை இல்லை.

கீழ்ப்படிந்ததால் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம், அவர் எதுவரை கீழ்ப்படிவார் என்று அளந்து பார்த்திருக்கிறீர்கள். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இது 'குறைந்த அபாயம்' என்ற வகையில் வந்திருக்கிறது. வீட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர் உண்டா, சரணடைந்தவர் உண்டா என்று அறைக்குள் அனுப்புமுன் ஒருவரிடமாவது கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கேட்கவில்லை.

கற்பனைப் பெயர் என்ற விளக்கம் எங்கள் ஊரில் ஏன் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் இங்கே வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. போர்முனையிலிருந்து வந்தவர்களை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பெயர் பதிந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வலயம் வலயமாகப் பிரிக்கப்பட்டு, சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் பட்டியலில் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது புள்ளி போட்டுப் பட்டியல். 2023இல் அஸ்வெசும தொடங்கியபோது பெயர் விடுபட்டவர்கள் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று மேன்முறையீடு எழுதினார்கள். தன் பெயரை யார் வெட்டினார்கள் என்று தெரியாமல் அயலுக்குள் முகம் பார்க்காமல் போன குடும்பங்களை நான் அறிவேன். இப்படிப்பட்ட ஊரில், கிராம சேவகர் வெளியே இருக்க, உள்ளே ஒருவர் பட்டியலை நீட்டி வெட்டு என்று சொன்னால், பிறகு யார் வந்து அது விளையாட்டு என்று சொன்னாலும் சனம் நம்பாது. நம்பாததற்கு அவர்களிடம் போதிய காரணம் இருக்கிறது.

இனி கையெழுத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஆய்வு எதைப் பார்த்து அமைக்கப்பட்டது என்பது 'தயவுசெய்து தொடருங்கள்', 'தொடர்வது ஆய்வுக்கு அவசியம்' என்ற அந்த இரண்டு வசனங்களைக் கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. உளவளத்துணைக் கற்கைநெறியில் எல்லோரும் படிப்பதுதான். 1961 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிரம் என்ற உளவியலாளர் தன் பரிசோதனையைத் தொடங்கினார். ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று நியூ ஹேவன் நகரப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு ஆட்களை எடுத்தார். வந்தவரை 'ஆசிரியர்' ஆக்கி, அடுத்த அறையில் இருக்கும் 'மாணவர்' பிழை விடும் ஒவ்வொரு தடவையும் மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். கருவியில் 30 ஆளிகள் (சுவிட்சுகள்), 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. மாணவராக இருந்தவர் நடிப்பவர்; அதிர்ச்சியும் பொய். பக்கத்தில் சாம்பல்நிற மேலங்கி போட்ட ஒருவர் நின்று, தயங்கியவரிடம் நான்கு வசனங்களை ஒழுங்காகச் சொன்னார். தயவுசெய்து தொடருங்கள் என்பதில் தொடங்கி, உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும் என்பதில் முடியும். 1963இல் வெளியான முதல் கட்டுரையின்படி 40 ஆண்களில் 26 பேர் கடைசி ஆளி வரை போனார்கள்.

இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆண்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. 3 பேருக்கு உடல் கட்டுக்கடங்காமல் உதறியது; அதில் ஒருவருக்காகப் பரிசோதனையையே நிறுத்த வேண்டி வந்தது. நல்ல உடல்நலத்தோடு, சொந்த ஊரில், சொந்த விருப்பத்தில், விளம்பரம் பார்த்து வந்த ஆண்கள் அவர்கள். வீட்டுக்கு ஒருவர் என்று கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. கூலி 4 டொலரும் பயணச் செலவு 50 சதமும். வந்ததற்கே அந்தக் காசு உங்களுக்குரியது, உள்ளே என்ன நடந்தாலும் அது உங்களுடையது என்று முதலே சொல்லித்தான் கொடுத்தார்கள். அறுபது வருடங்களுக்கு மேலாக ஒழுக்கநெறி வகுப்புகளில் பிழையான உதாரணமாகக் காட்டப்படும் அந்த ஆய்வில் இருந்த இந்தச் சின்னப் பாதுகாப்புக்கூட எங்கள் மண்டபத்தில் இருக்கவில்லை. பொதிகள் கண்ணுக்கு முன்னால் இருந்தன, கையில் வந்தது கடைசிப் படிவத்துக்குப் பிறகு.

மில்கிரம் காட்டியது என்ன? நல்லவர்கள்கூட, பொறுப்பான இடத்திலிருந்து வந்தவர்போலத் தெரியும் ஒருவர் சொன்னால், தன் மனம் மறுப்பதையும் செய்துவிடுவார்கள் என்பதை. உங்கள் ஆய்வாளர்களும் அதைத்தான் தங்கள் விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள். அப்படியென்றால், அதே அடையாள அட்டையைக் கழுத்தில் போட்ட அதே ஆள் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் அந்த அம்மா வைத்த கையெழுத்து மட்டும் எப்படிச் சுயவிருப்பம் ஆகும்? பட்டியலில் பெயரை வெட்டியது கீழ்ப்படிதல், அதற்கு ஐந்து நிமிடம் முன் படிவத்தில் கையெழுத்து வைத்தது சுதந்திரமான முடிவு என்று நீங்கள் சொல்கிறீர்கள். அறை ஒன்று, மேசை ஒன்று, பேனையும் ஒன்று.

படிவத்தில் 'எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி அச்சிட்டிருக்கிறது. அதைக் காட்டித்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அதே அறையில் ஏலாது என்று சொன்னவருக்கு, தொடர்வது அவசியம் என்று வாயால் சொல்லப்பட்டது. எழுதியது ஒன்று, சொன்னது வேறொன்று. எங்கள் சனம் வாயால் சொன்னதைத்தான் எடுத்தது.

வன்னியில் ஒருவர் கையெழுத்து வைத்தால் அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது போய்ச் சாட்சியம் சொல்லிக் கையெழுத்து வைத்தார்கள். பிறகு காணாமல் போனவர்கள் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு வந்தது, அதற்கும் வைத்தார்கள். காணாமல் போனோர் அலுவலகம் வந்தது, அதற்கும் படிவம் நிரப்பினார்கள். இடையில் தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைக்காரர்கள், மாணவர்கள். எழுதியதில் ஒன்றாவது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் வைத்த கையெழுத்து ஒரு பகுதி. வைக்காவிட்டால் என்ன வருமோ என்ற பயத்தில் வைத்தது மிச்சம். புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து விபரம் கேட்டு எழுதிக்கொண்டு போகிற ஊரில், கோப்போடு வருகிறவர் எந்தத் திணைக்களம் என்று பிரித்துப் பார்க்க ஒரு கிழவியால் முடியாது. இந்தப் பின்னணி எதுவும் தெரியாமல் ஒரு குழு அனுமதி கொடுத்தால் அந்தக் குழுவின் அமைப்பில் குறை இருக்கிறது. தெரிந்தே கொடுத்திருந்தால் அதைவிடப் பெரிய பிரச்சினை.

இது எனக்கு மட்டும் தோன்றிய புதுக் கருத்தும் இல்லை. மில்கிரமின் கட்டுரை வந்த அடுத்த வருடமே, 1964இல், டயானா போம்ரின்ட் என்ற உளவியலாளர் அதற்கு மறுப்பு எழுதினார். ஆய்வுக்கு வருகிற ஆள் ஆய்வாளரை நம்பி, அவரில் தங்கியிருக்கும் நிலையில்தான் வருகிறார். அந்த நம்பிக்கையை வைத்தே அவரை நோகச் செய்வது சரியில்லை. அப்படி ஒரு இடத்தில் அளந்த கீழ்ப்படிதலை வெளி உலகத்தின் கீழ்ப்படிதலோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். மில்கிரம் பதிலுக்குச் சொன்னது என்ன தெரியுமா? பங்கேற்றவர்களிடம் பிறகு கேட்டோம், 84 சதவீதமானோர் பங்கேற்றதில் மகிழ்ச்சி என்று சொன்னார்கள் என்றார். உங்கள் பதிலில் உள்ள 'திருப்தி' அதே வாதம்தான். யேலில் என்ன நடந்தது என்று பிற்காலத்தில் ஆவணக் காப்பகத்தில் தேடிய ஜினா பெரி, அங்கே வந்தவர்களில் பலர் உண்மையை முழுதாக அறியாமலே வீட்டுக்குப் போனார்கள், மாதங்கள் கழித்துக் கடிதத்தில்தான் அறிந்தார்கள் என்று காட்டியிருக்கிறார். எங்கள் மண்டபத்தில் கருத்துப் படிவத்தை நிரப்பும்போது ஆய்வாளர் எதிரே இருந்தார், பொதி இன்னும் கைக்கு வரவில்லை, வெளியே கிராம சேவகர். அந்த நிலையில் 'திருப்தி இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படிவமும் கீழ்ப்படிதலின் ஒரு பகுதிதான், அதை ஆய்வின் சாட்சியாக எடுக்க முடியாது.

நான் ஆய்வுகளுக்கு எதிரானவள் இல்லை. இந்தத் தலைப்பு எங்களுக்கு வேண்டாத தலைப்பும் இல்லை. சொன்னதைச் செய்வது எப்போது ஒருவரைக் காப்பாற்றுகிறது, எப்போது அழிக்கிறது என்ற கேள்வியோடு இங்கே ஒரு தலைமுறை வாழ்கிறது. வெவ்வேறு சீருடைகள் வெவ்வேறு காலங்களில் கட்டளையிட்டிருக்கின்றன. அதைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் என்னிடமே வருகிறார்கள். அவர்களோடு அமர்ந்து, நேரம் எடுத்து, அவர்கள் சொல்ல விரும்புவதைக் கேட்கிற ஆய்வு நடந்தால் நானே மண்டபத்தைக் கூட்டித் தருவேன்.

இந்தப் பரிசோதனையைக் கவனத்தோடு திருப்பிச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜெரி பேர்கர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டார். பாதிக்கப்படக் கூடியவர்களை இரண்டு கட்டமாகப் பரிசீலித்து முன்னமே விலக்கினார். எப்போதும் எழுந்து போகலாம், காசு உங்களுடையது என்று மூன்று தடவை சொன்னார். பரிசோதனையை நடத்தியவரே மருத்துவ உளவியலாளர், யாருக்காவது தாங்க முடியாமல் போனால் உடனே நிறுத்துவதற்காக. முடிந்த சில வினாடிகளில் உண்மை சொல்லப்பட்டது. அதிலும் பொய் இருந்தது, அதையும் கேள்வி கேட்கலாம். ஆனால் ஆளுக்கு என்ன ஆகும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது தெரிகிறது. அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: 'வேறு வழியில்லை' என்ற நான்காவது வசனத்தைக் கேட்ட பிறகு ஒருவரும் தொடரவில்லை. வெறும் கட்டளைக்கு ஆட்கள் பணியவில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு, அறிவியலுக்கு உதவுகிறோம் என்று நம்பியதால்தான் பலர் அதுவரை போனார்கள் என்று உளவியலாளர்களான ஸ்டீபன் ரைக்கரும் அலெக்ஸ் ஹாஸ்லமும் வாதிடுகிறார்கள். எங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னார். "படிக்கிற பிள்ளையள் கேக்குதுகள், உதவி செய்யாட்டி அதுகளின்ர படிப்புக் குழம்பிப் போகுமெண்டு நினைச்சன்." அவருடைய அந்த நல்ல மனதைத்தான் உங்கள் ஆய்வு பலவீனம் என்று எழுதப் போகிறது.

உங்கள் பதிலோடு வந்த ஆய்வுச் சுருக்கத்தில் எங்களை 'கீழ்ப்படிதலுக்குப் பழகிப்போன சமூகம்' என்று குறிப்பிட்டிருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை அடக்கித்தான் இதை எழுதுகிறேன். 2017 ஜனவரி இறுதியில் கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் தங்கள் காணிக்காகக் குந்தியது. பெண்களும் பிள்ளைகளும் இரவு பகலாக றோட்டில் கிடந்தார்கள். மார்ச் முதலாம் திகதி அந்தக் காணிக்குள் போனார்கள். அதே வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இருந்த போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலைக் காணாமலே அந்தப் போராட்டத்தில் இருந்து செத்துப்போன தாய்மார் இருக்கிறார்கள். எழும்பிப் போங்கள் என்று சொன்னவர்களுக்கு அவர்கள் கீழ்ப்படியவில்லை.

மில்கிரமே இதை வேறு விதத்தில் கண்டிருக்கிறார். தனியாக இருந்த 40 பேரில் 26 பேர் கடைசிவரை போனார்கள். அதே பரிசோதனையை வேறு 40 பேரோடு இன்னொரு விதமாகச் செய்தபோது, பக்கத்தில் ஆசிரியர்களாக நடித்த இரண்டு பேர் மாட்டோம் என்று எழுந்ததும், 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். எங்கள் பெண்கள் கேப்பாப்புலவில் ஒன்றாக இருந்தார்கள். உங்கள் ஆய்வாளர்கள் மண்டபத்தில் அவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லோருமாக இருக்கும் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்து, ஒரு பெயரை வெட்டுங்கள் என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தனியாகப் பிரித்து எடுத்துவிட்டு, பிறகு பணிந்தார்கள் என்று எழுதுவது நேர்மை இல்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்த நாட்டுக் கரையோரங்களில் ஆய்வாளர்கள் வந்து குவிந்தபோது, நம் நாட்டு மருத்துவ அறிஞர்களான அதுல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் அதன் ஒழுக்கநெறி பற்றி 2005இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆகவே இது உங்களுக்குப் புதிய பாடம் இல்லை. போர் முடிந்த நிலத்துக்கும் அதே கவனத்தைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறேன்.

முறைப்பாட்டை மீண்டும் எடுங்கள். இந்த முறை ஆய்வாளர்களின் படிவங்களை மட்டும் பார்க்காமல், அறைக்குள் போய் வந்தவர்களிடம் நேரில் கேளுங்கள். கிராம சேவகர் இல்லாத இடத்தில், அவர்கள் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கக் கேளுங்கள். அது முடியும்வரை எங்கள் கிராமத்தில் எடுத்த தரவுகளை எந்தக் கட்டுரையிலும் மாநாட்டிலும் பயன்படுத்த விடாதீர்கள். தன் தரவு வேண்டாம் என்று சொல்கிறவருடையதை அழித்துவிட்டு, அழித்ததை அவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

ஆய்வாளர்களை மண்டபத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். எல்லோரும் ஒன்றாக இருக்கும் கூட்டத்தில், என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று பேச்சுத் தமிழில் சொல்லட்டும். அந்தப் பட்டியல் எந்தத் திணைக்களத்துக்கும் போகவில்லை, யாருடைய உதவியும் அதனால் பாதிக்கப்படாது என்று பல்கலைக்கழகத்தின் கடிதத் தலைப்பில் எழுதி, பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்து, அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அந்த அம்மா திரும்பவும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போவதற்கு அப்படி ஒரு கடிதம் உதவும். ஆய்வுக்குப் பிறகு மனம் குழம்பியவர்களுக்கான உளவளத்துணையை உங்கள் செலவில் ஒழுங்கு செய்யுங்கள். அதற்கான ஆட்களை எங்கிருந்து எடுக்கலாம் என்று நான் சொல்கிறேன். எனக்கு அதில் கூலி வேண்டாம்.

இனி வரும் விண்ணப்பங்களுக்கு: கிராம சேவகர், பாடசாலை அதிபர், உதவி வழங்கும் நிறுவனத்தின் அலுவலர் ஆகியோர் ஊடாக ஆட்களைக் கூப்பிடும் ஆய்வுக்கு வன்னியில் அனுமதி கொடுக்காதீர்கள். படிவத்தைக் கொடுத்த அன்றே கையெழுத்து வாங்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க விடுங்கள். கொடுப்பது எதுவானாலும் வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். ஏலாது என்று ஒருவர் ஒருமுறை சொன்னால் அதோடு நிறுத்த வேண்டும், தொடரச் சொல்லும் வசனங்கள் எதுவும் கூடாது. போரில் உறவுகளை இழந்தவர்களை ஏமாற்றிச் செய்யும் ஆய்வுக்கு, எவ்வளவு பெரிய பயன் இருந்தாலும், இடம் கொடுக்காதீர்கள். உங்கள் குழுவில் வன்னியைச் சேர்ந்த ஒருவருக்கு, முக்கியமாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தில் ஒருவருக்கு, வாக்குரிமையோடு இடம் கொடுங்கள்.

ஆய்வுச் சுருக்கத்திலிருந்து 'கீழ்ப்படிதலுக்குப் பழகிப்போன சமூகம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் பதிலை ஒரு மாதத்துக்குள் எதிர்பார்க்கிறோம். அதை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முகவரி முதல் முறைப்பாட்டில் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள். மண்டபத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டக் கூடிய தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உளவளத்துணையாளர் ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்